அத்தை ‘வரேன்’ என்று சொன்னது

எழுத்து கோணலாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு என் படிப்பு முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு நான் எழுதியது என்றால், பாசாருக்குப் போகும்போது என்ன வாங்க வேண்டும் என்று துண்டுத்தாளில் குறித்துக்கொண்டதுதான். அந்தத் தாளையும் வீட்டிலேயே மறந்து வைத்துவிட்டுப் போவேன். இப்போது கிள்ளானில் எங்கள் கோவில் மாதர் குழு ஒரு மலர் போடுகிறார்களாம். கணவன் மனைவி ஒற்றுமையைப் பற்றி வயதானவர்கள் ஆளுக்கு ஒன்று எழுதித் தர வேண்டும் என்று அந்தப் பிள்ளைகள் கேட்டார்கள். என் கல்யாணத்தைப் பற்றி எழுதக் கூச்சமாக இருக்கிறது. அவர் வேறு எதிர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, “என்னைப் பத்தி என்னா எழுதுற?” என்று எட்டி எட்டிப் பார்க்கிறார். அதனால் என் தாய்மாமாவின் கல்யாணத்தைப் பற்றி எழுதுகிறேன். இது ஒற்றுமைக் கதையா இல்லையா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அப்போது நாங்கள் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்பாவுக்கு ரயிலில் வேலை. அம்மாவின் தம்பியான மாமாவுக்கும் ரயிலில் வேலை. மாமாவும் அத்தையும் எங்களோடுதான் இருந்தார்கள். முன்னறை அவர்களுக்கு, பின்னறை எங்களுக்கு. மாமா எஞ்சினில் பயர்மேன். பயர்மேன் என்றால் தீயை அணைக்கிறவர் என்று பள்ளியில் டீச்சர் சொன்னபோது, எங்கள் மாமா தீயை எரிய வைக்கிறவர் என்று எழுந்து சொன்னேன். உட்கார் என்றார்.

மாமா பேசமாட்டார். யாரிடமும் கோபம் இல்லை, சுபாவமே அப்படி. வேலைக்குக் கிளம்பும்போது யாரிடமும் சொல்லிக்கொள்ள மாட்டார். சாப்பாட்டுத் தூக்கை எடுப்பார், சட்டையை மாட்டுவார், பார்த்தால் ஆள் இருக்க மாட்டார். திரும்பி வருவதும் அப்படித்தான். குளிக்கும் சத்தத்தைக் கேட்டுத்தான் வந்துவிட்டார் என்று தெரியும். அத்தையோ காப்பார் பக்கத்து ரப்பர் தோட்டத்துப் பெண். லயத்து வீட்டு வரிசையின் இந்தக் கோடியிலிருந்து கேட்டால் அந்தக் கோடியிலிருந்து பதில் வருகிற இடத்தில் வளர்ந்தவர். கல்யாணமான புதிதில் மாமாவிடம் ஏதாவது கேட்டுக்கொண்டே இருப்பார். சுவரிடம் கேட்டது போல ஆகிவிடும். பிறகு சுவருக்குப் பதில் என்னிடம் சொல்ல ஆரம்பித்தார். “ஏய் குட்டி, உங்க மாமாவுக்குக் குழம்புல உப்பு போதுமான்னு கேளு.” நான் கேட்பேன். மாமா தலையை ஆட்டுவார். நான் திரும்பி வந்து, “ஆட்டுறாரு அத்தை” என்பேன். “எந்தப் பக்கம் ஆட்டுறாரு?” என்பார் அத்தை. அதில் அம்மாவுக்கும் சிரிப்பு வந்துவிடும்.

அத்தைக்குப் பாப்பா வரப்போகிறது என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். அத்தையின் வயிறு பெரிதாக இருந்தது. நான் அதில் காதை வைத்துப் பார்ப்பேன். ஒரு நாள் பள்ளியிலிருந்து வந்தபோது வீட்டில் யாரும் இல்லை. அத்தையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். மாமா கெமாஸ் போகிற வண்டியில் இருந்தார். சில நாள் கழித்து அத்தை திரும்பி வந்தார். வயிறும் இல்லை, கையில் பாப்பாவும் இல்லை. பாப்பா எங்கே என்று அம்மாவிடம் கேட்டேன். “வரலைடி” என்றார் அம்மா.

ரயில்காரர் வீட்டுப் பிள்ளைக்கு அந்த வார்த்தை போதும். எங்கள் வீட்டில் வரவில்லை என்றால் லேட் என்று அர்த்தம். ஈப்போ வண்டி வரவில்லை, கூட்ஸ் வரவில்லை, கெமாஸ் வண்டி இன்னும் வரவில்லை என்று அப்பா தினமும் சொல்வார். எல்லாம் பிறகு வந்துவிடும். அது போலப் பாப்பாவும் எங்கேயோ நின்றுகொண்டிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மாமா திரும்பி வந்த அன்று அத்தை பாயில் படுத்திருந்தார். மாமா குளித்தார், சாப்பிட்டார், முன்னறைக்குப் போனார். அறை வாசலில் நின்று கொஞ்ச நேரம் அத்தையைப் பார்த்தார் என்று அம்மா பிற்பாடு சொல்லக் கேட்டிருக்கிறேன். ஆனால் வாயைத் திறக்கவில்லை. மறுநாளும் இல்லை. அதற்கு அடுத்த வாரமும் இல்லை. அத்தை எழுந்து நடமாட ஆரம்பித்த பிறகு, சமையலறையில் அம்மாவிடம் சொன்னது மட்டும் என் காதில் விழுந்தது. “ஒரு வார்த்த கேக்கலை அண்ணி. அடிச்சாக்கூட தாங்கிப்பேன். ஒரு வார்த்த கேக்கலை.”

அம்மா, “அவன் மனசுல இருக்கும், வாய்க்கு வராது” என்றார்.

“அவர் மனசுக்குள்ள போயி நான் குடித்தனம் பண்ண முடியுமா அண்ணி?” என்றார் அத்தை.

அதற்குப் பிறகு அத்தை என்னை விட்டு மாமாவிடம் எதையும் கேட்கச் சொல்லவில்லை. வீடு அமைதியாகிவிட்டது. சண்டை ஓய்ந்தது என்றுதான் நான் நினைத்தேன்.

எனக்கு அந்த வருடம் மதியப் பள்ளி. ஒரு நாள் காலையில் அம்மா பாசாருக்குப் போயிருந்தார். அப்பாவும் மாமாவும் வேலைக்குப் போய்விட்டார்கள். அத்தை எனக்கு இரட்டைப் பின்னல் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு பின்னல் முடிந்து இன்னொன்று பாதியில் இருக்கும்போது வாசலில் ஆரன் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் டாக்சி. அத்தை எப்போது சொல்லிவைத்தார் என்று தெரியவில்லை. “ஆடாத” என்று என் தலையைப் பிடித்துத் திருப்பிப் பின்னலைத் தொடர்ந்தார். ரிப்பனை நன்றாக இறுக்கிக் கட்டினார்.

மறுபடி ஆரன். “யம்மா, வரீங்களா இல்லையா லா? பின்னால லோரி நிக்குது!” என்று டாக்சிக்காரர் கத்தினார்.

“வரேண்ணே, வரேன்!” என்று அத்தை உள்ளே இருந்தே குரல் கொடுத்தார்.

கட்டிலுக்கு அடியிலிருந்து தகரப் பெட்டியை இழுத்தார். “அரிசி ஊறுது, அம்மா வந்தா சொல்லு” என்று என்னிடம் சொன்னார். என் கன்னத்தை ஒரு தடவை தொட்டார். அவ்வளவுதான். டாக்சி போனது. பின்னால் லோரி போனது.

அம்மா வந்தவுடன் அரிசியைப் பற்றிச் சொன்னேன். அம்மா முன்னறைக்குப் போய்க் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். பக்கத்து வீட்டுப் பெரியம்மா ஓடி வந்தார். அவர் எங்களுக்குச் சொந்தம் இல்லை, ஆனால் குவார்ட்டர்ஸ் வரிசையில் எந்த வீட்டு விஷயமானாலும் அவர் இல்லாமல் நடக்காது.

“பெட்டியத் தூக்கிட்டுப் போயிட்டாக்கா” என்றார் அம்மா.

“இருடி. போகும்போது என்ன சொல்லிட்டுப் போனா? போறேன்னாளா, வரேன்னாளா?”

உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. நம் வீடுகளில் வாசலைத் தாண்டும்போது யாரும் ‘போறேன்’ என்று சொல்ல மாட்டோம். வரேன் என்று சொல்லிக்கொண்டு போன பெண், தாய் வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று பேச்சு. கணவன் போய்க் கூப்பிட்டு வரலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். சொல்லாமல் போனவள் என்றால் கதை வேறு. இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் உட்கார வேண்டும். அத்தையின் தோட்டத்திலிருந்து கங்காணி வருவார், எங்கள் பக்கம் நாலு பேர் போவார்கள். கல்யாணத்தில் யாருக்கு வெற்றிலை வைக்கவில்லை என்பதிலிருந்து ஆரம்பிக்கும். அப்படி உட்கார்ந்து பேசின பிறகு ஒன்றாக வாழ்ந்த ஜோடியை அம்மா பார்த்ததே இல்லையாம்.

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

“வரேன்னு சொன்னாங்க” என்றேன்.

“நல்லா யோசிச்சுச் சொல்லு.”

“வரேன்னுதான் சொன்னாங்க. ரெண்டு தடவ சொன்னாங்க.”

பெரியம்மா கையைத் தட்டினார். “அப்புறம் என்னாடி! ஒரு தடவ சொன்னவளே வந்துடுவா. இவ ரெண்டு தடவ சொல்லியிருக்கா. அரிசிய வேற ஊறப்போட்டிருக்கா!”

யாரிடம் சொன்னார் என்று அவர்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். பெரியவர்கள் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும் என்று பிரம்பைக் காட்டி வளர்த்த பிள்ளை நான்.

சாயங்காலம் மாமா வந்தார். குளிக்கும் சத்தம் கேட்டது. பிறகு முன்னறைக்குப் போனவர் உடனே வெளியே வந்தார். அம்மா சொல்லுமுன் நேராக என்னிடம் வந்து குனிந்து, “என்ன சொன்னா?” என்று கேட்டார். மாமா என்னிடம் தானாக வந்து கேட்ட முதல் கேள்வி அது.

“வரேன்னு சொன்னாங்க மாமா.”

மாமா தலையை ஆட்டினார். எந்தப் பக்கம் ஆட்டினார் என்று எனக்கே தெரியவில்லை.

நாட்கள் போயின. பைப்படியில் யார் கேட்டாலும், “அத்தை வரேன்னு சொல்லிட்டுப் போயிருக்காங்க” என்று நானே முந்திக்கொண்டு சொன்னேன். அம்மா தினமும் மாமாவின் தட்டில் சோறு போடும்போது, “போயிட்டு வாடா” என்பார். மாமா சாப்பிடுவார். கடைசியில் அப்பா கோபித்துக்கொண்டார். “மச்சான், நீ போறியா, இல்ல நான் நாலு பேரக் கூட்டிக்கிட்டுப் போகட்டுமா?”

அடுத்த லீவு நாளில் மாமா துவைத்த சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றார். “அக்கா, புள்ளைய அனுப்பு” என்றார்.

“அவ எதுக்குடா?”

“சாட்சிக்கு.”

“நீ என்னா கோர்ட்டுக்கா போற?” என்றார் அம்மா. ஆனால் சிரித்துக்கொண்டே என் நல்ல கவுனை எடுத்துப் போட்டுவிட்டார்.

கோலாலம்பூர் ஸ்டேஷனில் கிள்ளான் வண்டி ஏறினோம். எனக்கு ஜன்னல் ஓரம். சாட்சி என்றால் நடந்ததை முழுதாகச் சொல்ல வேண்டும் என்று நான் நினைத்தேன். அதனால் வண்டி கிளம்பியதும் பாடம் ஒப்பிப்பது போல மாமாவிடம் சொல்லிப் பார்த்தேன். பின்னல், ஆரன், லோரி, டாக்சிக்காரர் கத்தியது, அத்தை சொன்னது எல்லாம்.

மாமா என் பக்கம் திரும்பினார். “அப்ப, டாக்சிக்காரர்கிட்டயா சொன்னா?”

“ஆமா மாமா. அவரு ரெண்டு தடவ ஆரன் அடிச்சாரு. அத்தை ரெண்டு தடவ சொன்னாங்க.”

“உன்கிட்ட?”

“அரிசி ஊறுதுன்னு சொன்னாங்க.”

பெட்டாலிங் ஸ்டேஷன் போனது, பத்து தீகா ஸ்டேஷன் போனது. மாமா எதிர் சீட்டுப் பலகையையே பார்த்துக்கொண்டு வந்தார். நான் ஏதாவது தவறாகச் சொல்லிவிட்டேனா என்று பயமாக இருந்தது. கிள்ளானில் இறங்கினோம். எதிர்ப்பக்கத்தில் கோலாலம்பூர் போகிற வண்டி நின்றுகொண்டிருந்தது. மாமா பிளாட்பாரத்திலேயே நின்றுவிட்டார். அந்த வண்டியையே பார்த்தார். எஞ்சினில் இருந்த ஆள் தெரிந்தவர் போல. “என்னா லா, ஏறலையா?” என்று கூப்பிட்டார். விசில் ஊதியது. வண்டி நகர்ந்தது. கடைசிப் பெட்டி போகும் வரைக்கும் மாமா நின்றார். பிறகு வெளியே வந்து எனக்கு ஒரு சுருள் கச்சாங் கடலை வாங்கிக் கொடுத்தார்.

“அங்க டாக்சிக் கதையெல்லாம் வேணாம். கேட்டா, வரேன்னு சொன்னாங்கன்னு சொல்லு. அது பொய் இல்லதானே?”

“பொய் இல்ல மாமா.”

“வா, பஸ் போயிடும்.”

காப்பாரில் இறங்கி ரப்பர் மரங்களுக்கு நடுவே நடந்தோம். லயத்துக் கடைசி வீடு. அத்தையின் அப்பா வாசலில் ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்தும் கட்டி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

“வாங்க மாப்பிள்ள. காப்பாருக்கு ரயில் வராதே, எப்படி வழி கண்டுபிடிச்சீங்க?”

“பஸ்ல” என்றார் மாமா.

உள்ளே பெஞ்சில் உட்கார்ந்தோம். அத்தையின் அம்மா தண்ணி கலக்கிக் கொண்டுவந்து வைத்தார், நல்ல கெட்டியான டீ. அத்தை தெரியவில்லை. ஆனால் சமையலறைத் திரைக்குக் கீழே அவர் கால் தெரிந்தது.

“என் மக ஏன் வந்துச்சுன்னு நாங்க கேக்கலை” என்றார் அத்தையின் அப்பா. “அதுவும் சொல்லலை. ஆனா பொட்டியோட வந்த புள்ளைய, நாலு பேரு உக்காந்து பேசாம எப்படி அனுப்புறது? நீங்களே சொல்லுங்க மாப்பிள்ள.”

மாமா டீயைத் தொடவில்லை. “பொட்டியோட வந்தாலும் சொல்லிட்டுத்தான் வந்துச்சு மாமா. வரேன்னு சொல்லிட்டுத்தான் வந்துச்சு. அதான் கூப்பிட வந்தேன். புள்ளைய வேணா கேட்டுப் பாருங்க.” மாமா அவ்வளவு நீளமாகப் பேசி அதற்கு முன் நான் கேட்டதில்லை.

“அப்படியாம்மா?” என்று அவர் என்னைக் கேட்டார்.

“ஆமா தாத்தா. ரெண்டு தடவ.”

திரை விலகியது. அத்தை வந்து நின்றார். மாமாவைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். “யார்கிட்டடி சொன்னேன்?”

இத்தனை நாளில் அந்தக் கேள்வியைக் கேட்டது மாமாவுக்குப் பிறகு அத்தைதான். என் வாய் நிறையக் கச்சாங். பெரியவர்கள் கேட்டால் பதில் சொல்ல வேண்டும். டாக்சியைப் பற்றிச் சொல்லக் கூடாது. இரண்டும் ஒன்றாக வந்து நின்றதில் எனக்கு அழுகை வரும் போல இருந்தது.

மாமா சொன்னார். என்னை விட்டுச் சொல்லச் சொல்லாமல், அத்தையைப் பார்த்துத் தானே சொன்னார். “டாக்சிக்காரர்கிட்ட. தெரியும். என்கிட்ட சொன்னதா எடுத்துக்கிட்டு வந்தேன்.”

அத்தையின் அப்பாவுக்கு டாக்சி எங்கிருந்து வந்தது என்று புரியவில்லை. மகளைப் பார்த்தார், மாப்பிள்ளையைப் பார்த்தார். பிறகு எழுந்து, “நான் ஆட்டப் பாக்குறேன்” என்று கிளம்பினார். “நீயும் வா ஆயி, நேத்துத்தான் குட்டி போட்டுச்சு” என்று என் கையைப் பிடித்தார். வெளியே போகும்போது அத்தையின் குரல் கேட்டது.

“தண்ணி ஆறுது. குடிங்க.”

கொட்டகையில் கறுப்புக் குட்டி ஒன்று நிற்கத் தெரியாமல் நின்றுகொண்டிருந்தது. தாத்தா அதைத் தூக்கிப் பின்பக்கம் பார்த்துவிட்டு, பொட்டைக்குட்டி என்றார். என்னிடம் கொடுத்தார். கொஞ்ச நேரம் மடியில் வைத்திருந்தேன். பிறகு அத்தையிடம் சொல்ல வேண்டும் என்று வீட்டின் பின்புறமாக ஓடினேன்.

ரம்புத்தான் மரத்தடியில் அத்தை நின்றிருந்தார். மாமா அங்கே கிடந்த கட்டையில் உட்கார்ந்திருந்தார். நான் அவர்களுக்குப் பின்னால் வந்தது இருவருக்கும் தெரியாது. மாமா தரையைப் பார்த்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்.

“ஆணா, பொண்ணா?”

எனக்குத் தெரிந்த பதில். இப்போதுதான் பார்த்துவிட்டு வருகிறேன். “பொட்டை மாமா! நான் பார்த்துட்டேன்!” என்று கத்தினேன்.

இருவரும் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். அத்தை என்னைப் பக்கத்தில் இழுத்து அணைத்துக்கொண்டார். பிறகு, “ஆமா. பொண்ணுதான்” என்றார். என்னிடம் சொல்லவில்லை, மாமாவிடம். “உங்க மூக்கு” என்றும் சொன்னார்.

நான் சரியாகச் சொல்லிவிட்டேன் என்று எனக்குப் பெருமையாக இருந்தது. ஆட்டுக்குட்டிக்கு மாமாவின் மூக்கு எப்படி வரும் என்று ஒரு சந்தேகம் இருந்தது, ஆனால் கேட்கவில்லை. மாமா தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. பெரிய ஆம்பளை ஒரு ஆட்டுக்குட்டிக்காக இப்படி அழுவார் என்று நான் நினைக்கவே இல்லை. கிடா வேண்டும் என்று ரொம்ப ஆசைப்பட்டிருப்பார் போல என்று நினைத்து, அவர் முழங்காலைத் தட்டிக்கொடுத்து, “அழாதீங்க மாமா. அடுத்த தடவ ஆணா வரும்” என்றேன்.

அத்தை சிரித்தார். அழுதுகொண்டே சிரித்தார். இரண்டையும் ஒருவர் ஒரே நேரத்தில் செய்வதை அன்றுதான் பார்த்தேன். அது எனக்கு வேடிக்கையாக இருந்தது.

இதுதான் எனக்கு நினைவில் இருப்பது. அத்தை அன்றைக்கே எங்களோடு பஸ் ஏறினாரா, இரண்டு மூன்று நாள் கழித்து வந்தாரா என்று எனக்கு மறந்துவிட்டது. ரயில் நின்ற இடங்களைத் தப்பாக எழுதியிருக்கலாம். அந்தக் காலத்து டாக்சி என்ன நிறம் என்றும் தெரியவில்லை. மாமா போய்ச் சேர்ந்து பல வருடம் ஆகிறது. அத்தை இங்கே பக்கத்தில் மேருவில் மகன் வீட்டில் இருக்கிறார். மலர் வேலை செய்கிற பிள்ளைகள் யாராவது அந்தப் பக்கம் போனால், இதையெல்லாம் அவரிடம் ஒரு தடவை கேட்டுச் சரிபார்த்துப் போடுங்கள். எனக்குக் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. அத்தைக்கு இப்போது காது சரியாகக் கேட்காது, சத்தமாகக் கேட்க வேண்டும். ரயிலைப் பற்றியும் பஸ்ஸைப் பற்றியும் சத்தமாகக் கேளுங்கள். ரம்புத்தான் மரத்தடியில் நடந்ததை மட்டும், கேட்பதாக இருந்தால், காதுக்குப் பக்கத்தில் போய் மெதுவாகக் கேளுங்கள்.